கொடுத்தவர் பெயர் எதற்கு? மின்னணுப் பணமும் பழனிமலை ஊர்களும்

மின்னணு முறையில் பணம் கொடுக்கும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. பணம் கைமாறுகிறது, யார், யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு கொடுத்தார் என்ற பதிவும் உண்டாகிறது. ரொக்கத்தில் முதல் காரியம் மட்டுமே நடக்கும். இரண்டாவதைத் தவிர்க்கவே முடியாது என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள். உண்மையில் எவ்வளவு பதிய வேண்டும், யாரிடம் பதிவு இருக்க வேண்டும், எத்தனை காலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகள். வேறு முடிவுகளும் எடுக்கலாம் என்று கணித வல்லுநர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். இன்று அந்த வழியில் நடப்பவை பெரும்பாலும் திறமூல மென்பொருள்கள். அதாவது, எவரும் நிரலைப் படித்து, சோதித்து, திருத்திப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டவை. அவை ஒரு மலையூர்க் கடைத்தெருவில் தாக்குப்பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. அதைச் சோதிக்கப் பழனி மலைத்தொடரைப் போல் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் சோளக்கதிர் விற்பவர், வாடகை சைக்கிள் விடுபவர், குதிரைக்காரர், கோக்கர்ஸ் வாக் பக்கம் கம்பளித் தொப்பி விற்பவர் என்று எங்கு திரும்பினாலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. கீழே இருந்து வருபவர் 500 ரூபாய்த் தாளை நீட்ட, 30 ரூபாய்ச் சரக்குக்காகக் கடைக்காரர் சில்லறை தேடி அலைந்த தொல்லை குறைந்துவிட்டது. நகரத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. இடையே சோலைக்காடும் பள்ளத்தாக்கும். ஒரு வளைவில் முழுதாகக் கிடைக்கும் டவர் அடுத்த வளைவில் காணாமல் போகும். வெள்ளகவி போல, சாலையே இல்லாமல் நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையை நம்பி வாழ்ந்த ஊரும் இந்த மலையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இன்று மின்னணுப் பணம் என்றால் மக்கள் மனத்தில் யூபிஐதான். 2008-இல் வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதை 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியது. அந்த நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனது இதற்கு வேகம் கொடுத்தது. 2020 ஜனவரி முதல் யூபிஐக்காக வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றானதும் தள்ளுவண்டி வரை இறங்கி வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தொட்டது. வங்கிகள் பலவாக இருந்தும், செயலிகள் பலவாக இருந்தும், ஒரே அட்டையில் எல்லாப் பணமும் வந்து சேர்வது உலகில் பெரிய நாடுகள் பலவும் வியந்து பார்க்கும் ஏற்பாடு. அதன் பயனைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஒரு 30 ரூபாய்ச் சோளக்கதிருக்கான பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்ததும் தகவல் முதலில் செயலி நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து அந்தச் செயலிக்குத் துணைநிற்கும் வங்கி, பிறகு தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் மைய இணைப்பகம், பிறகு வாங்கியவரின் வங்கி, விற்றவரின் வங்கி, விற்றவரின் செயலி. சோளம் வாங்கியவர் பெயரும் கணக்கும் நேரமும் இத்தனை இடங்களில் பதிவாகின்றன. பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே நடக்கின்றன. ஒன்றில் வால்மார்ட்டின் பெரும்பங்கு, மற்றது கூகுளுடையது. எந்தச் செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கழகம் 2020-இல் வைத்த வரம்பு 2026 முடிவு வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

கடைக்காரருக்கும் ஓரளவு தெரிகிறது. பணம் போட்டவரின் பெயர் வருகிறது. யூபிஐ முகவரியாகப் பலர் தங்கள் கைப்பேசி எண்ணையே வைத்திருப்பதால் அந்த எண்ணும் போகிறது. தனியாகப் பயணம் வரும் ஒரு பெண், ஒரு தேநீர் குடித்ததற்காக முன்பின் அறியாத ஒருவரிடம் தன் எண்ணை விட்டுவிட்டுப் போகிறார். இதை மிகச் சிறிய விஷயம் என்று ஒதுக்குபவர்கள், இரவில் வரும் தெரியாத அழைப்புகளைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கொடைக்கானலுக்கு வருபவர்களைப் பொறுத்தவரை இன்னொரு பதிவும் சேர்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. மலை தாங்கக்கூடிய அளவுக்குத்தான் ஆட்கள் வர வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இ-பாஸில் பெயர், கைப்பேசி எண், வாகன எண், தங்கும் நாட்கள் இருக்கின்றன. விடுதியில் அடையாள அட்டையின் நகல். யூபிஐயில் நேர வாரியாகக் கடைகளின் வரிசை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணத் தகவல். மூன்றையும் ஒரே கைப்பேசி எண்ணால் கோத்துவிட்டால், ஒருவர் யாருடன் வந்தார், எந்த மருந்துக்கடையில் நின்றார், எந்த வழிபாட்டிடத்துக்குக் காசு போட்டார் என்பது வரை முழுப் பயணமும் எழுதப்பட்டுவிடும். இன்று அப்படிக் கோக்கிறார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. கோக்க முடியாதபடி அமைப்பு இல்லை என்பதே கவலை.

சட்டம் இதில் பாதி வழி வந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள அதிலேயே வழியும் வைக்கப்பட்டது. தரவு எந்த நாட்டில் இருக்கிறது, யார் அதைக் கையாளலாம் என்று சட்டம் பேசுகிறது. அந்தத் தரவு உண்டாகத்தான் வேண்டுமா என்று அது கேட்பதில்லை.

திறந்திருப்பதும் மறைந்திருப்பதும்

திறமூலம் என்றாலே அந்தரங்கம் காக்கப்படும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. பிட்காயின் 2009 முதலே முழுத் திறமூல மென்பொருள். அதில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் உலகமே பார்க்கும் பேரேட்டில் என்றென்றைக்கும் நிற்கிறது. பெயருக்குப் பதில் நீண்ட எண்ணெழுத்து முகவரி இருக்கும். ஒருமுறை அந்த முகவரி யாருடையது என்று தெரிந்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் அம்பலம். ஒரு பரிவர்த்தனை பேரேட்டில் ஏற ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரி. சோளக்கதிர் ஆறிப்போகும் வரை காத்திருக்க எவரும் தயாராக இருக்க மாட்டார்கள். மோஜாலூப் என்ற திறமூல அமைப்பு 2017-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் வெளிவந்தது. வங்கிகளையும் கைப்பேசிப் பணநிறுவனங்களையும் மலிவாக இணைப்பது அதன் நோக்கம். கொடுப்பவரை மறைப்பது அதன் வேலை இல்லை. பெங்களூரு நிறுவனமான ஜஸ்பே தன் ஹைப்பர்ஸ்விட்ச் நிரலைத் திறந்துவிட்டிருக்கிறது. அதுவும் வணிகர் தரப்பு இணைப்புக் கருவிதான்.

யூபிஐ விஷயத்தில் செயலிகளும் வங்கிகளும் இணைவதற்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. மைய இணைப்பகத்தின் நிரலோ, கழகத்தின் பீம் செயலியின் நிரலோ பொதுவில் இல்லை. நாளைக்கே அவை முழுவதும் திறக்கப்பட்டாலும் கொடுப்பவரின் பெயர் மறைந்துவிடாது. கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் போவதுதான் யூபிஐயின் அடித்தளம். இரண்டு கணக்குகளின் பெயரும் தெரியாமல் அது நடக்காது. நிரல் திறந்திருந்தால் ஒரு பயன் உண்டு: செயலி தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் எங்கே அனுப்புகிறது என்பதை வெளியாட்கள் சரிபார்க்கலாம். கொரோனா காலத்தில் ஆரோக்கிய சேது செயலி மீது அந்தரங்கம் பற்றிய கண்டனம் எழுந்தபோது, 2020 மே மாதம் அதன் ஆண்ட்ராய்டு நிரலை மத்திய அரசு வெளியிட்டது. கேட்டால் நடக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

கொடுப்பவரை மறைக்க வேண்டுமானால் கணக்கை விட்டு நாணயத்துக்கு வர வேண்டும். அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சாம் 1982-இல் எழுதி 1983-இல் வெளியான ஆய்வுரையில் இதற்கான கணிதத்தைச் சொன்னார். அது கண்மூடிக் கையொப்பம். அதன் சாரம் இதுதான். பயனரின் கைப்பேசி தானாகவே ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கிறது. அதுதான் நாணயத்தின் எண். அதை இன்னொரு ரகசிய எண்ணால் உருமாற்றி வங்கிக்கு அனுப்புகிறது. வங்கி 100 ரூபாயைப் பயனரின் கணக்கில் கழித்துக்கொண்டு, உருமாறி வந்த அந்த எண் மீது ‘இது 100 ரூபாய் பெறும்’ என்று தன் மின்கையொப்பத்தைப் போடுகிறது. திரும்பி வந்ததும் கைப்பேசி அந்த உருமாற்றத்தை நீக்கிவிடுகிறது. நீக்கிய பிறகும் கையொப்பம் அசல் எண்ணுக்குச் செல்லுபடியாகும்படி கணிதம் அமைந்திருக்கிறது. அதனால் பிறகு அந்த நாணயம் ஒரு கடை வழியாக வங்கிக்கு வரும்போது, கையொப்பம் தன்னுடையது என்று வங்கிக்குத் தெரியும்; எந்தப் பயனருக்குப் போட்டுக் கொடுத்தது என்று தெரியாது. வங்கி ஊழியரின் நல்ல மனத்தையோ நிறுவனத்தின் வாக்குறுதியையோ நம்ப வேண்டியதில்லை. வங்கியே விரும்பினாலும் கண்டுபிடிக்க முடியாது.

சாம் 1989-இல் டிஜிகேஷ் என்ற நிறுவனத்தை ஆம்ஸ்டர்டாமில் தொடங்கினார். 1995-இல் அமெரிக்காவின் மார்க் ட்வைன் வங்கி அதன் நாணய முறையைச் சோதித்துப் பார்த்தது. கடன் அட்டைகள் இணையத்தைப் பிடித்துக்கொண்ட அந்தக் காலத்தில் வணிகர்களும் சேரவில்லை, வாடிக்கையாளர்களும் சேரவில்லை. 1998-இல் நிறுவனம் திவாலானது. அதன் நிரல் மூடியே இருந்தது. அடிப்படை உத்திக்குக் காப்புரிமை வேறு. ஒரு நிறுவனம் மூழ்கியதும் அந்த நல்ல யோசனையும் பல ஆண்டுகள் கிடப்பில் போனது. திறமூலத்தின் அருமை இங்கேதான் தெரிகிறது: நிரல் எல்லோர் கையிலும் இருந்திருந்தால் வேறொருவர் தொடர்ந்திருப்பார்.

2005-இல் காப்புரிமை காலாவதியானது. பிற்பாடு கிறிஸ்டியன் குரோதாஃப், ஃப்ளோரியன் டோல்ட் உள்ளிட்டோர் அதே கணிதத்தின் மேல் குனு தாலர் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் உள்ள பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நொறுக்குத்தீனி இயந்திரம் தாலரை ஏற்றுக்கொண்டது ஆரம்பகால நிகழ்வு. 2021-இல் சாமும் குரோதாஃபும் சுவிஸ் தேசிய வங்கியின் தாமஸ் மோசரும் சேர்ந்து, மத்திய வங்கியே இப்படி நாணயம் வெளியிடலாம் என்று ஆய்வுரை எழுதினார்கள். 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஒரு கூட்டுத்திட்டம் தொடங்கியது. 2025-இல் முதல் முழுப்பதிப்பு வந்தது. சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க் பணத்தில் நடைமுறைக்கும் வந்தது.

தாலரில் ஒரு பக்கம்தான் மறைவு. கொடுப்பவர் யார் என்று தெரியாது. வாங்கும் கடைக்கு எவ்வளவு வந்தது என்பது தெரியும், ஏனென்றால் கடை அந்த நாணயங்களை அவற்றை வெளியிட்ட வழங்குநரிடம் செலுத்தித்தான் வங்கிக் கணக்கில் பணமாகப் பெற முடியும். பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் உண்டியலை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். போட்டவர் யார், எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் உண்டியல் திறக்கும் நாளில் அதிகாரிகளும் வங்கி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்; மொத்தத் தொகையைச் செய்தித்தாள் வரை அறிவிக்கிறார்கள். கொடுத்தவரின் மறைவும் பெற்றவரின் கணக்கும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. மின்னணுப் பணத்தில் இரண்டும் சேர்ந்து வராது, ஒன்றை விட்டால்தான் மற்றது என்ற வாதம் அதிகார வட்டாரங்களில் அடிக்கடி கேட்கிறது. அந்த வாதத்துக்குக் கணிதத்தில் இடமில்லை.

மீதிச் சில்லறைக்கும் தாலர் வழி சொல்கிறது. 100 ரூபாய் நாணயத்தில் 60 ரூபாய் செலவழித்தால், மிச்சம் 40 ரூபாய்க்குக் கைப்பேசி புது நாணயங்களை மாற்றி வாங்கிக்கொள்ளும். பழைய நாணயத்தோடு புதியவற்றை வழங்குநரால் இணைக்க முடியாது. வழங்குநர் கையில் உள்ள பணமும் வெளியே இருக்கும் நாணயங்களின் மதிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் தனியே பார்க்கலாம்.

இங்கே திறமூலம் எந்த இடத்தில் இன்றியமையாதது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் தன் நிரலை வெளியிட்டாலும், அதன் கணினியில் ஓடுவது அதே நிரல்தானா என்று வெளியாட்களால் உறுதிசெய்ய முடியாது. கண்மூடிக் கையொப்பத்தில் மறைக்கும் வேலை முழுவதும் பயனரின் கைப்பேசிக்குள் நடக்கிறது. அந்தச் செயலியின் நிரல் திறந்திருந்தால் போதும். அது உண்மையிலேயே மறைக்கிறதா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மலையில் வைத்துப் பார்த்தால்

முதல் தடை டவர். மின்னணு நாணயம் வெறும் எண் என்பதால் நகலெடுக்கலாம். ஒரே நாணயத்தை இரண்டு கடையில் நீட்டலாம். அதைத் தடுக்க, ஒவ்வொரு முறையும் வழங்குநரின் கணினியில் ‘இது ஏற்கெனவே செலவானதா’ என்று பார்த்தாக வேண்டும். எனவே கொடுப்பவர், வாங்குபவர் இருவரில் ஒருவருக்காவது இணையம் வேண்டும். கடைக்கு இணையம் இருந்து வாடிக்கையாளருக்கு இல்லாவிட்டால் கடையின் கருவி வழியாகவே தாலரில் கொடுக்கலாம். வாடிக்கையாளருக்கு இருந்து கடைக்கு இல்லாவிட்டால், பணம் போனதற்கு அடையாளமாக ஒரு குறியீட்டு எண் அவர் கைப்பேசியில் தோன்றும். கடைக்காரர் தன்னிடம் உள்ள சிறு கருவியில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இருவருக்கும் இல்லாவிட்டால் தாலரால் ஒன்றும் செய்ய முடியாது. பேரிஜம் காட்டுப் பாதையிலோ மழையில் டவர் விழுந்த கவுஞ்சியிலோ நிகழக்கூடியது இதுதான்.

இணையமே இல்லாமல் நடத்தும் வழியைச் சாம், ஃபியாட், நவோர் மூவரும் 1988-இல் முன்வைத்தார்கள். அதில் ஒருவர் நாணயத்தை ஒருமுறை செலவழித்தால் அவர் யாரென்று தெரியாது. இரண்டாவது முறை செலவழித்தால் இரண்டு தடயங்களும் சேர்ந்து பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் மோசடி நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். ஏமாந்த கடைக்காரருக்கு அந்தப் பணம் எப்படித் திரும்பும் என்பதற்குக் கணிதத்தில் விடையில்லை. இன்னொரு வழி, கைப்பேசிக்குள் உடைக்க முடியாத சில்லு வைத்து அதை நம்புவது. 2023-இல் வந்த யூபிஐ லைட் எக்ஸ் இணையமின்றி இரண்டு கைப்பேசிகளை அருகில் வைத்துப் பணம் மாற்ற வழிசெய்கிறது. அதற்கு ஏற்ற கைப்பேசி இருவரிடமும் இருக்க வேண்டும்.

சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு யூபிஐயில் *99# சேவையும் 2022-இல் வந்த 123பே வசதியும் உண்டு. இணையம் வேண்டாம், பேசுவதற்கான டவர் போதும். தோட்ட வேலைக்குப் போகும் முதியவருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் இருப்பவருக்கும் இது பெரிய வசதி. தாலர் போன்ற அமைப்புகளுக்கு ஸ்மார்ட்போனோ கணினியோ வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் யூபிஐ வெகுதூரம் முன்னே நிற்கிறது என்பதைத் திறமூல ஆர்வலர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் அடுத்தது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் கடலோரத்தோடு நிற்காமல் கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்தது. மண்சரிவு ஏற்பட்டது, மலைச்சாலை அடைபட்டது, மின்சாரம் போனது. அப்படியொரு நாளில் யூபிஐ, தாலர், ரிசர்வ் வங்கி வெளியிடும் மின்ரூபாய் எதுவும் உதவாது; தாள் பணம்தான். புயலே வேண்டாம், 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் யூபிஐ நாடு முழுவதும் தடுமாறியது. மைய இணைப்பகம் ஒன்றுதான் என்றால் தடங்கலும் எல்லோருக்கும் ஒன்றாகவே வரும்.

அதிகம் பேசப்படாத தடை ஒன்றும் இருக்கிறது. மறைவுக்குக் கூட்டம் வேண்டும். சீசனில் ஆயிரக்கணக்கானோர் நடமாடும் ஏரிச்சாலையில் 100 ரூபாய் நாணயம் செலுத்தியவர் யாரென்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டே பேர் அந்தச் செயலியை வைத்திருக்கும் ஒரு மேல்மலைக் கிராமத்தில், காலையில் ஒருவர் 340 ரூபாய்க்கு நாணயம் எடுத்து, பத்து நிமிடத்தில் ஒரே கடையில் 340 ரூபாய் செலுத்தினால், கையொப்பம் எவ்வளவு கண்மூடியிருந்தும் பயனில்லை. தொகையும் நேரமும் சேர்ந்து சொல்லிவிடும். மாதத் தொடக்கத்திலேயே கொஞ்சம் பணத்தை நாணயமாக எடுத்து வைத்துக்கொண்டு மெல்லச் செலவழிப்பவருக்கே இந்த அமைப்பு முழுப் பாதுகாப்பு தரும். கைப்பேசி தொலைந்தால் காப்புநகல் இல்லாதவரை அந்தப் பணமும் போச்சு. ரொக்கத்தின் நல்லதோடு கெட்டதும் சேர்ந்துதான் வருகிறது.

வாங்குபவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவுகளை வைத்து ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டியதாகச் சிறு வணிகர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டை கழற்றப்பட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதப்பட்டது. கொடைக்கானல் கடைக்காரரும் அந்தச் செய்தியைப் படித்திருப்பார். அவருடைய அச்சத்துக்குத் தாலரும் மருந்தாகாது; அவருடைய வரவு அதிலும் தெரியும். அது சரியென்றே சொல்ல வேண்டும். பூம்பாறை மலைப்பூண்டுக்கு வடுகபட்டி சந்தையில் பணம் பெறும் விவசாயிக்கு, வரவுப் பதிவு வங்கிக் கடன் வாங்க உதவும் ஆவணம். அவருக்கு அது வேண்டும். அந்தப் பூண்டைச் சில்லறையில் வாங்கிச் சமைப்பவரின் பெயர் யாருக்கும் வேண்டியதில்லை.

கடைசித் தடை சட்டமும் வங்கியும். பணப்பரிமாற்ற அமைப்பு எதையும் நடத்த 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். இந்திய ரூபாயில் தாலர் நாணயம் வழங்கும் வங்கி எதுவும் இன்று கிடையாது. எனவே கொடைக்கானலில் ஒருவர் அந்தச் செயலியை இறக்கிக்கொண்டாலும் ஒரு தேநீர் வாங்க முடியாது. ஆயினும் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. பொதுப் போக்குவரத்துக்கான முன்பண அட்டைகளில் 3,000 ரூபாய் வரை அடையாளச் சரிபார்ப்பு இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விதிகள் அனுமதிக்கின்றன. சிறிய தொகைக்கு மறைவு, பெரிய தொகைக்குத் தடயம் என்ற கருத்தை மின்ரூபாய் பற்றிய 2022 அக்டோபர் கருத்துருவில் ரிசர்வ் வங்கியே முன்வைத்திருக்கிறது.

அந்த மின்ரூபாய் 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனையில் இருக்கிறது. கணக்கு முறையை விட்டு நாணய முறைக்கு வந்த இந்தியாவின் முதல் பெரிய முயற்சி அதுதான். 2025 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்தது சுமார் 1,016 கோடி ரூபாய். யூபிஐயில் நாளொன்றுக்கு நடப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். மக்கள் ஏன் அதன் பக்கம் வரவில்லை என்றால், யூபிஐ தராத எதையும் அது கண்ணுக்குத் தெரியும்படி தரவில்லை. அந்தரங்கம்தான் அதன் தனிச்சிறப்பாக இருந்திருக்க வேண்டும். வாக்குறுதி இருக்கிறது; நிரல் மூடியிருப்பதால் வாக்குறுதியைச் சரிபார்க்க வழியில்லை. மின்ரூபாய் வாலட்டின் நிரலையும் பீம் செயலியின் நிரலையும் வெளியிடுவதும், சிறு தொகைகளுக்குக் கண்மூடிக் கையொப்பத்தைக் கட்டாயமாக்குவதும் ரிசர்வ் வங்கியாலும் அரசாலும் செய்யக்கூடியவையே. ஐரோப்பாவில் பொதுப்பணத்தில் எழுதப்பட்ட தாலரின் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது; இங்குள்ள வங்கி ஒன்று ஒரு மலையூரில் சோதித்துப் பார்க்கவும் தடையாக எந்தத் தொழில்நுட்பமும் நிற்கவில்லை.

அதுவரை பயனர் செய்துகொள்ளக் கூடியவை சில. யூபிஐ முகவரியைக் கைப்பேசி எண் இல்லாத வேறு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பல செயலிகளில் அதற்கு வழியுண்டு. சிறு செலவுகளுக்கு யூபிஐ லைட் வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய்க்கு உட்பட்டவை ஒவ்வொன்றாக வங்கிக் கணக்கு அறிக்கையில் வராது, ஏற்றிய மொத்தத் தொகை மட்டும் வரும். செயலி நிறுவனத்துக்கு அவை தெரியும் என்பதை மறக்க வேண்டாம். தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்கான அனுமதியைச் செயலியிலிருந்து எடுத்துவிடலாம். மலையேறும் முன் வத்தலக்குண்டிலோ பழனியிலோ இரண்டு நாள் செலவுக்கான பணத்தைப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.